சொகுசு ரயிலில் இந்தியா: பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

அப்பா அம்மாவின் மணிவிழாவுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பிள்ளைகள்தான் இந்த ரயில்களைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். நகை வேண்டாம், சாப்பாடு போட்டாயிற்று, வேறு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று தேடும்போது அரண்மனை போல ஜோடித்த ரயில் பெட்டியின் படம் கண்ணில் படுகிறது. விலையைப் பார்த்ததும் கேள்விகள் வரிசையாக வரத் தொடங்குகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

சொகுசு ரயில் என்றால் ராஜதானி, வந்தே பாரத் மாதிரியா?

இல்லை. ராஜதானி உங்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. சொகுசு ரயிலில் 3 முதல் 7 இரவு வரை தங்குகிறீர்கள். படுக்கை, குளியல், சாப்பாடு எல்லாம் அதிலேயே. காலையில் ஓர் ஊரில் நிற்கும், பேருந்தில் ஏற்றிக் கோட்டையும் கோயிலும் காட்டுவார்கள், இரவு நீங்கள் தூங்கும்போது அடுத்த ஊருக்கு ஓடும். நடுவழியில் ஏறி இறங்க முடியாது. ஸ்டேஷன் கவுண்டரில் டிக்கெட்டும் கிடையாது.

எத்தனை ரயில்கள் இருக்கின்றன?

நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். மூத்தது பேலஸ் ஆன் வீல்ஸ். டெல்லியில் புறப்பட்டு ஜெய்ப்பூர், ரந்தம்பூர், சித்தோர்கர், உதய்ப்பூர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், பரத்பூர், ஆக்ரா என்று ஒரு வட்டம் அடித்து 7 இரவுகளில் திரும்பும். அடுத்தது மகாராஷ்டிராவின் டெக்கான் ஒடிசி. 2004-இல் வந்தது, கொரோனாவில் நின்று 2023-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. கர்நாடகத்தின் கோல்டன் சாரியட் 2008-இல் வந்தது. ஹம்பியில் இருக்கும் கல் தேரின் நினைவாக வைத்த பெயர். நடுவில் நின்றுபோய், 2019-இல் ரயில்வேயின் சுற்றுலா நிறுவனமான ஐஆர்சிடிசி கைக்கு மாறி, 2024 டிசம்பரில் மீண்டும் கிளம்பியது. நான்காவது ஐஆர்சிடிசி 2010-இல் தொடங்கிய மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ். நான்கிலும் விலை உயர்ந்தது இதுதான். 23 பெட்டிகள் கொண்ட ரயிலில் விருந்தினருக்கான அறைகள் 43தான். மிச்சமெல்லாம் சாப்பாட்டு அறை, பார், சமையற்கூடம், ஊழியர்கள் தங்கும் இடம், ஜெனரேட்டர். விலை ஏன் அவ்வளவு என்பதற்குப் பாதிப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இந்த யோசனை யாருக்கு, எப்படி வந்தது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

சமஸ்தான மன்னர்களுக்கு ரயில் மேல் பெரிய மோகம். பரோடா கெய்க்வாட் 1862-லேயே தன் ராஜ்யத்தில் டபோய்க்குக் குறும்பாதை போட்டார், அதில் முதலில் வண்டியை இழுத்தவை மாடுகள்! குவாலியர் சிந்தியாவின் ஜெய் விலாஸ் அரண்மனையில் சாப்பாட்டு மேசை மேலேயே வெள்ளியில் ஒரு குட்டி ரயில் ஓடும், விருந்தினர்களுக்கு மதுவும் சுருட்டும் கொண்டுபோய்க் கொடுக்க. ஜோத்பூர், பிகானேர் போன்ற இடங்களில் சமஸ்தானமே ரயில்வே நடத்தியது. பயணம் போக மன்னர்களுக்கென்று தனியாக சலூன் பெட்டிகள் இருந்தன. படுக்கையறை, வரவேற்பறை, வேலையாட்களுக்கு இடம் என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாம் அதற்குள் இருக்கும்.

சுதந்திரம் வந்தது, சமஸ்தானங்கள் இணைந்தன, 1971-இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. சலூன்கள் ரயில்வே யார்டுகளில் கேட்பாரற்று நின்றன. அப்படிப்பட்ட பழைய பெட்டிகளைத் தூசி தட்டிக் கோத்து ரயில்வேயும் ராஜஸ்தான் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் 1982 ஜனவரி 26 அன்று ஓட விட்டதுதான் பேலஸ் ஆன் வீல்ஸ். தொடக்க காலத்தில் நீராவி இன்ஜின் இழுத்தது. ராஜஸ்தானில் அப்போது பெரும்பாலும் மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதைதான். பழைய சலூன்களில் ஏசி கிடையாது. அதனால் 1991-இல் ஏசி வைத்த புதுப் பெட்டிகள் வந்தன. அதற்குள் நாடு முழுக்க அகலப்பாதையாக மாற்றும் வேலை தொடங்கிவிட்டதால் 1995-இல் மறுபடி புது ரயில் கட்டினார்கள்.

ஆகவே இன்று நீங்கள் ஏறும் பெட்டியில் எந்த மகாராஜாவும் படுத்துத் தூங்கியதில்லை. திரைச்சீலையும் சித்திர வேலைப்பாடும் அந்தக் காலத்துச் சாயல், அவ்வளவுதான்.

ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரெல்லாம் பார்த்துக்கொண்டு போகலாம்தானே?

பலரும் ஏமாறுவது இங்கேதான். ரயில் அதிகம் ஓடுவது இரவில். நீங்கள் சாப்பிட்டு முடித்து அறைக்கு வரும்போது ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். பகலில் நீங்கள் வெளியே போன பிறகு ரயில் ஸ்டேஷனில் நின்று தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கும், விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கும். காலைப் பலகாரத்தின்போது கொஞ்சம், மாலையில் ரயிலுக்குத் திரும்பிய பிறகு கொஞ்சம், அவ்வப்போது ஒரு பிற்பகல் முழுக்க வெளிக்காட்சி கிடைக்கும். அதுவும் பயணத் திட்டத்தைப் பொறுத்தது.

நாம் சின்ன வயதில் பழகிய ரயில் வேறு. தூக்குவாளியில் புளியோதரை, எதிர் சீட்டுக்காரரோடு நான்கு மணி நேரப் பேச்சு, ஏதோ ஓர் ஸ்டேஷனில் கிடைக்கும் வடை. அந்த நினைவை எதிர்பார்த்து லட்சங்களைக் கட்டினால் வருத்தம்தான் மிஞ்சும். இங்கே நீங்கள் வாங்குவது ஊர் ஊராக நகரும் ஒரு விடுதி அறை. தினமும் பெட்டி கட்டி அவிழ்க்க வேண்டாம், ஒவ்வோர் ஊரிலும் டாக்சியோடு பேரம் பேச வேண்டாம், வழிகாட்டி தேட வேண்டாம். அந்த நிம்மதிக்கு இவ்வளவு விலை தரலாமா என்பதை உங்கள் பை தீர்மானிக்க வேண்டும்.

சரி, எவ்வளவு ஆகும்?

கோல்டன் சாரியட் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது 5 இரவுப் பயணத்துக்கு ஒருவருக்கு ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது தலைக்கு ஆகும் தொகை இது. தனியாகப் போனால் அறை முழுவதும் உங்களுக்கு என்பதால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மகாராஜாஸ் எக்ஸ்பிரஸில் ஒரு வாரம் என்றால் இதைவிட அதிகம், பெரிய அறை எடுத்தால் பல மடங்கு. விலைப் பட்டியல் பருவத்துக்குப் பருவம் மாறும், டாலரில் போட்டிருந்தால் அன்றைய மாற்று விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சாப்பாடு, சுற்றிக் காட்டுவது, நுழைவுச் சீட்டு, வழிகாட்டி எல்லாம் பொதுவாக இதில் அடக்கம். சலவை, மசாஜ், உயர்ரக மது, டிப்ஸ் தனி. ரயில் கிளம்பும் ஊர் வரை போய்ச் சேரும் விமானச் செலவையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அதே இடங்களைக் கார் வைத்துப் பார்த்தால் குறைவாக முடியாதா?

தாராளமாக முடியும். நல்ல நட்சத்திர விடுதி, தனிக் கார், தனி வழிகாட்டி எல்லாம் வைத்துக்கொண்டாலும் மிச்சம் இருக்கும். அதனால் விலையை விட்டுவிட்டு வழியைப் பாருங்கள்.

டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்ற முக்கோணத்துக்குச் சொகுசு ரயில் எடுப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு கதிமான் எக்ஸ்பிரஸ் 100 நிமிடத்தில் போய்விடுகிறது, சாலையும் அருமையாக இருக்கிறது. ஜெய்சல்மேர் கதை வேறு. பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் அந்த ஊருக்கு உதய்ப்பூரிலிருந்து காரில் போவதற்குள் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ரயிலில் அந்தப் பகல் மிச்சம். வட கர்நாடகமும் அப்படித்தான். பாதாமி, 22 கிலோமீட்டர் தள்ளி பட்டதக்கல், அதற்கும் அப்பால் ஐஹொளே என்று சாளுக்கியர் கட்டியவை சிதறிக் கிடக்கின்றன. நல்ல விடுதிகள் குறைவு. அங்கே படுக்கையும் சமையலும் கூடவே வருவது பெரிய சௌகரியம். கார் வைத்துச் சுற்றச் சிரமமான ஊர்கள் எத்தனை உங்கள் பட்டியலில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்குக் குறைவு என்றால் கார்தான்.

ஓடும் ரயிலில் தூக்கம் வருமா?

முதல் இரவு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் கீழே ஓடுவது ரயில்தான். நள்ளிரவில் சிக்னலுக்கு நிற்கும், இன்ஜின் மாற்றும்போது ஓர் உலுக்கு உலுக்கும். பெட்டியின் இரண்டு முனைகளிலும் சக்கரங்கள் இருப்பதால் அங்கே ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. பதிவு செய்யும்போதே பெட்டியின் நடுவில் இருக்கும் அறையைக் கேளுங்கள், ஜெனரேட்டர் பெட்டியிலிருந்து தள்ளியே கேளுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, கேட்டவர்களுக்குக் கிடைக்கும்.

அறை எவ்வளவு பெரியது?

மகாராஜாஸ் எக்ஸ்பிரஸின் டீலக்ஸ் அறை 112 சதுர அடி. நம் வீட்டு அடுக்களை அளவு. அதற்குள் கட்டில், அலமாரி, சுடுதண்ணீர் வரும் குளியலறை எல்லாம் அடக்கம். நவரத்னா என்ற பிரசிடென்ஷியல் சூட் மட்டும் ஒரு முழுப் பெட்டி. பெரிய சூட்கேஸ்கள் வேண்டாம். கட்டிலுக்கடியில் போகும்படியான மெத்தென்ற பைகளே வசதி.

இரட்டைக் கட்டிலா, தனித்தனிக் கட்டிலா என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஏறிய பிறகு மாற்றுவது கஷ்டம்.

சைவம் கிடைக்குமா? நம் சாப்பாடு கிடைக்குமா?

சைவம் தாராளமாகக் கிடைக்கும். பூண்டு வெங்காயம் இல்லாத சமையல், சமணர் முறைச் சமையல் என்றாலும் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள், வட இந்தியப் பயணிகள் கேட்டுப் பழகியதுதான். கோல்டன் சாரியட்டில் இட்லி தோசைக்குக் குறைவில்லை. அங்கே சாம்பாரில் வெல்லம் எட்டிப் பார்த்தால் கர்நாடகத்தில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தான் பக்கம் நான்காம் நாள் நாக்கு தயிர் சாதத்துக்கு ஏங்கும். வெட்கப்படாமல் கேளுங்கள், சாதமும் தயிரும் இல்லாத சமையலறை கிடையாது. ஊறுகாய் மட்டும் கையோடு எடுத்துப் போங்கள்.

கோயிலில் நின்று சாமி கும்பிட நேரம் தருவார்களா?

மணிவிழாத் தம்பதிகளுக்கு இதுதான் முதல் கேள்வி. பதில் அவ்வளவு உவப்பாக இருக்காது. இந்தப் பயணங்கள் கோயிலைக் கட்டடக் கலையாகக் காட்டுகின்றன. வழிகாட்டி ஒரு மணி நேரம் சிற்பத்தை விளக்குவார், பிறகு பேருந்து காத்திருக்கும். தமிழ்நாட்டுக் கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. உங்கள் குழு அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால் வெளிப்பிரகாரத்தோடு சரி.

ஹம்பியில் கல் தேர் நிற்கும் விட்டலர் கோயிலில் மூலவரே இல்லை. பூஜை நடப்பது விருபாட்சர் கோயிலில். அங்கே போகிறார்களா, எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அர்ச்சனை, நெய் விளக்கு, நிதானமான தரிசனம்தான் முக்கியம் என்றால் இந்த ரயில் அதற்கானது இல்லை.

வயதான பெற்றோரால் சமாளிக்க முடியுமா?

ரயிலுக்குள் சமாளிப்பார்கள். அறைகளைக் கவனிக்க ஒவ்வொரு பெட்டியிலும் உதவியாளர் இருப்பார். பேலஸ் ஆன் வீல்ஸில் அவருக்குக் கித்மத்கார் என்று பெயர். பையைத் தொடக்கூட விடமாட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டிக்கு ஆடும் ரயிலில் பல பெட்டிகளைத் தாண்டி நடக்க வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் உள்ளே சிரமம். எனவே சாப்பாட்டுப் பெட்டிக்கு அருகில் அறை கேளுங்கள்.

கஷ்டம் வெளியே இருக்கிறது. சித்தோர்கரும் ஜெய்சல்மேரும் கோட்டைகள், ஏற்றமும் படியும் சீரற்ற கல்லும் உண்டு. ஹம்பியில் பாறை. தஞ்சைப் பெரிய கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு மதிய வெயிலில் கல் தளத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு அதன் சூடு தெரியும், தடித்த காலுறை இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கால்வலி உள்ளவர் எந்த நாளிலும் சுற்றலை விட்டுவிட்டு ரயிலில் ஓய்வெடுக்கலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். மூன்றாம் நாளில் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பத்து வயதுக்குக் கீழே என்றால் வேண்டாம். கோட்டை, அருங்காட்சியகம், நீண்ட விருந்து என்று அவர்களுக்குப் பெரிய தண்டனை. அடுத்த அறைக்காரருக்கும்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடையில் பெரும்பாலும் ஓடாது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை வடக்கே மூடுபனி, டெல்லி ஆக்ரா பகுதியில் எந்த ரயிலும் நேரத்துக்குப் போகாது, சொகுசு ரயிலும் விதிவிலக்கில்லை. காலையில் தாஜ்மகாலுக்கு எதிரே நின்றும் அது கண்ணுக்குத் தெரியாமல் போன கதைகள் உண்டு. அந்த மாதங்களில் ஜெய்சல்மேரில் இரவு நன்றாகக் குளிரும், நம் ஊர் சால்வை தாங்காது. பிப்ரவரி என் தேர்வு. தெற்கே போவதாக இருந்தால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரிக்கு மேல்.

புலி நிச்சயம் தெரியுமா?

தெரியாது. ரந்தம்பூர், பந்திப்பூர் இரண்டிலும் அது புலியின் இஷ்டம்.

கிழமை பார்க்க வேண்டுமா?

ராகுகாலம் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அஜந்தாவுக்குத் திங்கள், எல்லோராவுக்குச் செவ்வாய். ரயில்களின் அட்டவணை இதைக் கணக்கில் வைத்தே போட்டிருப்பார்கள் என்றாலும், பயணத்துக்கு முன்னும் பின்னும் நீங்களாக நாள் சேர்த்துச் சுற்றும்போது மாட்டிக்கொள்வீர்கள். மைசூர் அரண்மனையின் விளக்கொளியைப் பார்க்க ஞாயிறு மாலை ஏற்றது.

தமிழ்நாட்டுப் பக்கம் வருகிறதா?

வருகிறது. கோல்டன் சாரியட்டின் தென்னாட்டுப் பயணத்தில் மைசூர், ஹம்பியோடு மாமல்லபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு, கேரளம் எல்லாம் சேரும். மகாராஜாஸ் எக்ஸ்பிரஸும் 2017-இல் தெற்கே வரத் தொடங்கியபோது செட்டிநாட்டையும் மாமல்லபுரத்தையும் சேர்த்துக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பருக்கு இது நல்ல வழி. சென்னைக்காரர் ஒருவர் பெங்களூருவில் ரயிலேறி மாமல்லபுரத்தில் இறங்கி அர்ச்சுனன் தபசைப் பார்ப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கோல்டன் சாரியட்டின் கர்நாடகப் பயணத்தை எடுங்கள். ஹளேபீடு, ஹம்பி, பாதாமி, பட்டதக்கல், கோவா என்று போகும். பல்லவரையும் சோழரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சாளுக்கியரும் ஹொய்சளரும் பார்க்கக் கிடைப்பார்கள். வாதாபி என்று பாடத்தில் படித்தோமே, அந்த ஊர்தான் பாதாமி.

பதிவு செய்வதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது என்ன?

மூன்று விஷயம். முதலாவது, நடத்தும் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் விலையைப் பார்த்த பிறகே முகவரிடம் பேசுங்கள். அதே போன்ற பெயரில் முகவர்கள் நடத்தும் தளங்கள் ஏராளம். இரண்டாவது, ஆள் போதவில்லை என்றால் ஒரு புறப்பாடே ரத்தாகலாம், வேறு தேதி தருவார்கள். ஆகவே பயணம் உறுதி என்று எழுத்தில் வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள். என் உறவினர் ஒருவர் முதலில் விமானத்தை எடுத்துவிட்டு, பிறகு அந்தப் பணத்துக்காக மூன்று மாதம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது, ரத்து விதிகளைப் படியுங்கள். தேதி நெருங்க நெருங்கத் திரும்ப வரும் பணம் குறைந்துகொண்டே போகும். வயதானவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுப்பது இதற்காகத்தான்.

டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது?

கடைசி நாளில் டிப்ஸுக்கான பொது உண்டியலில் மொத்தமாகப் போடுங்கள், சமையற்காரருக்கும் சலவைக்காரருக்கும் போய்ச் சேரும். உங்கள் அறை உதவியாளருக்கு மட்டும் தனியாகக் கையில் கொடுங்கள்.

இவ்வளவு பணம் இல்லை. ஆனால் ஆசை இருக்கிறது. என்ன செய்வது?

சுற்றுலா ரயில் என்றால் சொகுசு ரயில் மட்டும் இல்லை. 2021-இல் ரயில்வே கொண்டுவந்த பாரத் கௌரவ் திட்டத்தில் தனியாரும் ரயிலை எடுத்து நடத்தலாம். அதன் முதல் ரயில் 2022 ஜூன் 14 அன்று நம் கோயம்புத்தூரிலிருந்து ஷிர்டிக்குத்தான் கிளம்பியது. காசி, ராமேஸ்வரம், ஜோதிர்லிங்கங்கள் என்று இப்படிப் பல ஓடுகின்றன. வழக்கமான பெர்த், பொதுக் கழிப்பறை, ஆனால் சாமி கும்பிட நேரம் தருவார்கள்!

ஜன்னல்தான் ஆசை என்றால் கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டியில் பெங்களூருவிலிருந்து மங்களூருக்குப் பகலில் போங்கள், சக்லேஷ்பூர் மலைத்தொடரைக் காண்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் நீலகிரி மலை ரயிலைச் சொல்லவே வேண்டாம். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. டிக்கெட் கிடைப்பதுதான் பாடு.

உண்மையான மகாராஜா சலூனை எங்கே பார்க்கலாம்?

டெல்லி சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில், 1899-இல் கட்டிய மைசூர் மகாராஜாவின் சலூன் இருக்கிறது. வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அவருக்காக 1875-இல் செய்த பெட்டியும் அங்கேதான் நிற்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மைசூர் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மகாராணியின் சலூனை அங்கே வைத்திருக்கிறார்கள், கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளே அப்படியே. நுழைவுச் சீட்டு ஒரு காபி விலைதான்.